துணை மின் நிலையத்துக்கு இடம் ஒதுக்குவது யார் பொறுப்பு?

ஒரு நகரத்தின் வளர்ச்சித் திட்ட வரைபடத்தை விரித்துப் பார்த்தால், குடியிருப்புக்கு ஒரு வண்ணம், வணிகத்துக்கு ஒரு வண்ணம், தொழிற்சாலைக்கு ஒரு வண்ணம், பூங்காவுக்கும் நீர்நிலைக்கும் வேறு வேறு வண்ணங்கள் என்று நிலம் முழுவதும் பங்கிடப்பட்டிருக்கும். சாலைகளின் அகலம்கூட மீட்டர் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அதே நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் திட்டப் பிரிவுக்குப் போனால், அங்கே சுவரில் தொங்குவது ஒற்றைக்கோட்டு வரைபடம்: துணை மின் நிலையங்கள், மின்மாற்றிகள், அவற்றை இணைக்கும் புதைவடங்கள், ஒவ்வொன்றின் கொள்திறன். முதல் படத்தில் நிலம் இருக்கிறது, மின்சாரம் இல்லை. இரண்டாவது படத்தில் மின்சாரம் இருக்கிறது, நிலம் இல்லை. இரு நிலையங்களை இணைக்கும் கோடு எந்தத் தெருவின் அடியில் போகிறது என்பதைக்கூட அது சொல்லாது. மின்பகிர்மானத் திட்டமிடலோடு தொடர்புடைய வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், கட்டி முடித்த கட்டடங்கள் மின்இணைப்புக்காகக் காத்துக்கிடக்கும் நிலைக்கு முதல் காரணம் இந்த இரண்டு படங்களும் ஒரே மேசையில் விரிக்கப்படாததுதான் என்று கருதுகிறேன். பணப் பற்றாக்குறை, தொழில்நுட்பக் குறைபாடு என்று பிற்பாடு சொல்லப்படுபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மேற்கு லண்டனில் இது ஊரறியத் தெரிந்தது. ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ ஆகிய பகுதிகளில் புதிய குடியிருப்புகளைக் கட்டத் திட்டமிட்டிருந்த நிறுவனங்களிடம், போதிய மின்திறன் கிடைக்க 2035 வரைகூட ஆகலாம் என்று சொல்லப்பட்டது. அட்லாண்டிக் கடலை நோக்கிச் செல்லும் கண்ணாடியிழை வடங்கள் எம்4 நெடுஞ்சாலையை ஒட்டிப் போவதால் தரவு மையங்கள் அந்தப் பக்கமாகவே குவிந்திருந்தன. அவை முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெரிய அளவில் மின்திறனை ஒதுக்கி வாங்கிக்கொண்டிருந்தன. இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தப் பகுதிகளில் எத்தனை வீடுகள் கட்டப்பட வேண்டும் என்ற இலக்கு லண்டன் நகரத் திட்டத்தில் எல்லோரும் படிக்கும்படி அச்சிடப்பட்டிருந்தது. தரவு மையங்களின் விண்ணப்பங்கள் மின்பகிர்மான நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தன. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டிய கடமை மட்டும் யாருடைய பணிப்பட்டியலிலும் இல்லை. பிற்பாடு 1 மெகாவோல்ட் ஆம்பியருக்கு (மின்கருவிகளின் கொள்திறனைச் சொல்லும் அலகு, ஏறக்குறைய ஒரு மெகாவாட் என்று கொள்ளலாம்) உட்பட்ட சிறிய இணைப்புகளை அனுமதிப்பது, தரவு மையங்கள் ஒதுக்கீட்டை முழுமையாகப் பயன்படுத்தச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் அந்த இடைவெளியில் மற்றவர்களுக்கு இடம் கொடுப்பது போன்ற தற்காலிக ஏற்பாடுகள் செய்யப்பட்டன. எழுத்தில் தீர்ந்துபோயிருந்த கொள்திறன் வடத்தில் தீர்ந்துபோயிருக்கவில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

நாட்காட்டிகள் வேறுபடுவது அடுத்த சிக்கல். நகர வளர்ச்சித் திட்டம் 15 அல்லது 20 ஆண்டுகளை நோக்கி வரையப்படுகிறது. மின்பகிர்மான நிறுவனத்தின் முதலீட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் வழங்கும் ஒப்புதல் குறுகிய கால அளவைக் கொண்டது. பிரிட்டனில் இப்போது நடப்பில் உள்ள காலகட்டம் 2023 ஏப்ரலில் தொடங்கி 2028 மார்ச்சில் முடியும் ஐந்து ஆண்டுகள். கட்டுமான நிறுவனத்துக்கோ வங்கிக் கடனின் தவணைதான் நாட்காட்டி. இவற்றுக்கு நடுவே பொருள்களின் காலம் என்று ஒன்று இருக்கிறது. பெரிய மின்மாற்றிகளுக்கு ஆணை கொடுத்தால் கையில் கிடைக்க நான்கு ஆண்டுகள் வரை ஆகிறது என்றும், புதைவடங்களுக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், 2021ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் இந்தக் காத்திருப்பு ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது என்றும் சர்வதேச எரிசக்தி முகமை 2025இல் வெளியிட்ட ஆய்வில் கூறியது. புதிய மின்கட்டமைப்பு ஒன்றைத் திட்டமிட்டு, அனுமதி பெற்று, கட்டி முடிக்க 5 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன என்பது அதே முகமை 2023இல் சொன்ன கணக்கு. மின்வாகனங்களுக்கான மின்னேற்று நிலையத்தையோ இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுவிவிடலாம். ஆகவே இணைப்புக்கான விண்ணப்பம் வந்தபிறகு மின்கட்டமைப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் முறை, எவ்வளவு நேர்மையாக நடத்தப்பட்டாலும், தாமதத்தில்தான் போய் முடியும். இதைச் சொன்னால் பகிர்மான நிறுவனங்கள், "விண்ணப்பம் இல்லாமல் நாங்கள் எப்படி முதலீடு செய்வது?" என்று கேட்கும். கேள்வி நியாயமானது, அதற்குக் கீழே வருகிறேன்.

அதற்கு முன், மின்பளுவை மதிப்பிடும் முறையைச் சற்றுக் கிட்டத்தில் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இரு தரப்பும் ஒரே சொல்லைப் பயன்படுத்தி வேறு வேறு எண்களைப் பேசிக்கொண்டிருப்பது இங்கேதான் தொடங்குகிறது. 3,000 வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடித் தொகுதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் 8 கிலோவாட் கேட்கப்படுகிறது என்றால், தாளில் மொத்தம் 24 மெகாவாட். ஆனால் எல்லா வீடுகளிலும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒரே நொடியில் சராசரியாக வீட்டுக்கு 2 கிலோவாட் என்று எடுத்துக்கொண்டால் 6 மெகாவாட் போதும். 11 கிலோவோல்ட் ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து ஒரு வட்டாரத்துக்குப் புறப்படும் மின்தடம்) ஒன்றில் 300 ஆம்பியர் அனுப்பலாம் என்றால் அது சுமார் 5.7 மெகாவோல்ட் ஆம்பியர். ஆகவே 6 மெகாவாட்டுக்கே ஒரு ஃபீடர் போதாது. மின்தூக்கி, நீரேற்றும் பம்பு, தெருவிளக்கு, தரைத்தளக் கடைகள் ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை. இதில் மூன்றில் ஒரு வீட்டில் 7 கிலோவாட் மின்னேற்றி ஒன்று மாட்டப்படுகிறது என்றால், அந்த 1,000 மின்னேற்றிகளும் மாலையில் வேலை முடிந்து வந்தவுடன் ஒருசேர இயங்கும் மோசமான நிலையில் 7 மெகாவாட் கூடுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு முறைவைத்து மின்னேற்றினால் மாலை உச்சத்தில் ஏறக்குறைய எதுவுமே கூடாது. ஆக, அதே வீடுகள், அதே மக்கள், ஆனால் தேவை 6 மெகாவாட்டாகவும் இருக்கலாம், 13 மெகாவாட்டாகவும் இருக்கலாம், விண்ணப்பத்தில் உள்ளபடி 24ஆகவும் இருக்கலாம். நகரத் திட்டமிடுபவர் கையில் இருப்பது வீடுகளின் எண்ணிக்கையும், மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடும். மின்பொறியாளர் கையில் இருப்பது கடந்த கோடையின் உச்ச அளவு. வாகன நிறுத்தத்தில் எத்தனை இடங்களுக்கு மின்னேற்றி கட்டாயம் என்று முடிவு செய்வது கட்டட விதி. அந்த மின்னேற்றி எப்போது இயங்கும் என்று முடிவு செய்வது மின்கட்டணம். இந்த இரண்டு விதிகளையும் எழுதுபவர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பது அரிது.

மறுபக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ஒரு துணை மின் நிலையத்தில் 25 மெகாவோல்ட் ஆம்பியர் மின்மாற்றிகள் இரண்டு இருந்தால், நகராட்சிக் கூட்டத்தில் அது 50 என்று பதிவாகிவிடுகிறது. உண்மையில் ஒரு மின்மாற்றி பழுதானாலும் மற்றொன்று முழுப் பளுவையும் தாங்க வேண்டும் என்ற விதியின்படி நம்பகமான கொள்திறன் 25தான். "பாதிகூடப் பயன்படுத்தவில்லையே, பிறகு ஏன் இணைப்பு மறுக்கிறீர்கள்?" என்று திட்டக் கூட்டங்களில் மற்றவர்கள் கேள்வி எழுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்பவர் மேல் தவறில்லை. மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, அதைப் படிக்கும் முறையைச் சொல்லாமல் விட்டவர்கள் மேல்தான் தவறு.

இனி நிலம். என் பார்வையில் இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

செம்பையும் அலுமினியத்தையும் விலை கொடுத்து வாங்கிவிடலாம். காத்திருந்தால் மின்மாற்றியும் வந்து சேரும். நகரத்தின் நடுவில், மின்பளுவுக்கு அருகில், சாலையைப் பார்த்து அமைந்த ஒரு மனையை மட்டும், அந்த இடம் கட்டி நிரம்பிய பிறகு எந்த விலை கொடுத்தும் சுலபமாக வாங்க முடியாது. துணை மின் நிலையத்துக்குச் சில பிடிவாதமான தேவைகள் உண்டு. பல பத்து டன் எடையுள்ள மின்மாற்றியை ஏற்றிவரும் இழுவண்டி வளைந்து திரும்புகிற அளவுக்குச் சாலை வேண்டும். உள்ளே வரும் உயரழுத்த வடங்களுக்கும் வெளியே போகும் பத்துப் பதினைந்து ஃபீடர்களுக்கும் வழி வேண்டும். அவை எல்லாம் ஒரே வாசல் வழியாக வெளியேறினால், அந்த ஓரிடத்தில் பள்ளம் தோண்டுபவர் ஒருவர் நகரத்தின் ஒரு பகுதியையே இருளில் ஆழ்த்திவிட முடியும். தாழ்வான நிலமாக இருக்கக் கூடாது. இத்தனை நிபந்தனைகளுக்கும் உட்பட்ட மனைகள் ஒரு வட்டாரத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். திட்ட வரைபடம் எழுதப்படும் நாளில் அவற்றில் ஒன்றின் மேல் ஒரு அடையாளம் இடுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பத்து ஆண்டுகள் கழித்து அதே மனையில் வணிக வளாகம் நிற்கும்.

அப்படி இடம் கிடைக்காத நகரங்கள் என்ன செய்கின்றன? பூமிக்கு அடியில் போகின்றன. டோக்கியோவின் ஷின்-டொயோசு துணை மின் நிலையம் 500 கிலோவோல்ட் அளவில் நிலத்தடியில் உருளை வடிவில் கட்டப்பட்டு 2000ஆம் ஆண்டில் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் மேலே அலுவலகக் கட்டடம் நிற்கிறது. ஷாங்காயிலும் 2010இல் ஒரு 500 கிலோவோல்ட் நிலையம் சிற்பப் பூங்கா ஒன்றின் அடியில் அமைந்தது. பொறியியல் சாதனைகள் என்ற அளவில் இவற்றை வியக்கலாம். ஆனால் தரைக்கு மேல் ஒரு மனையை முன்கூட்டியே ஒதுக்க முடிந்த நகரம், இந்த வியப்புக்குரிய செலவைச் செய்ய வேண்டியதில்லை.

பெரிய நிலையங்களைப் பற்றியாவது பேச்சு எழுகிறது. தெருமுனையில் நிற்கும் சிறிய மின்மாற்றிகளை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. நெதர்லாந்தில் இப்போது நடந்துகொண்டிருப்பது இதற்கு நல்ல உதாரணம். 2022 ஜூனில் அந்நாட்டின் மின்கடத்தல் நிறுவனமான டென்னெட், நூர்ட்-பிராபண்ட், லிம்பர்க் ஆகிய இரு மாகாணங்களில் பெரிய நுகர்வோருக்குப் புதிதாக ஒதுக்கக் கொள்திறன் இல்லை என்று அறிவித்தது. அந்தச் செய்தி உலகம் முழுவதும் போயிற்று. அதைவிட நகரங்களை நேரடியாகத் தொடும் தகவல் வேறொன்று: வீடுகளின் வெப்பமூட்டலும் வாகனங்களும் மின்சாரத்துக்கு மாறும்போது, அந்நாட்டில் மூன்று தெருக்களில் ஒன்றையாவது தோண்டி வடங்களை மாற்ற வேண்டியிருக்கும் என்றும், பல்லாயிரக்கணக்கான புதிய தெரு மின்மாற்றிக் கூடங்களுக்கு இடம் தேட வேண்டியிருக்கும் என்றும் அங்குள்ள பகிர்மான நிறுவனங்கள் சொல்கின்றன. ஒரு கூடத்துக்கு இரண்டு மூன்று கார்கள் நிற்கும் இடம் போதும். ஆனால் எந்தத் தெருவில் அந்த இடம்? மரத்தை வெட்டியா, வாகன நிறுத்தத்தை எடுத்துக்கொண்டா, குழந்தைகள் விளையாடும் மூலையிலா? அந்தக் கேள்விக்கு மின்பொறியாளரால் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது தெருவில் குடியிருப்பவர்களும் நகராட்சியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது.

தரைக்கு மேலே உள்ள நிலத்துக்கு இருக்கும் அதே நெருக்கடி தரைக்குக் கீழேயும் உண்டு. நடைபாதையின் அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தொலைத்தொடர்பு வடம், எரிவாயுக் குழாய் எல்லாம் ஏற்கெனவே படுத்திருக்கின்றன. மிஞ்சிய இடத்தில் மின்வடங்களை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றைச் சூடாக்கி, தனியாகப் போட்டால் தாங்கும் மின்னோட்டத்தை அவற்றால் தாங்க முடியாமல் போய்விடும். நான்கு வடங்கள் போட்டால் நான்கு மடங்கு கொள்திறன் கிடைக்காது என்பதே இதன் பொருள். ஆகையால் சாலையைப் புதிதாகப் போடும்போது, எதிர்காலத்துக்கென்று சில காலிக் குழாய்களைப் போதிய இடைவெளி விட்டுப் புதைத்து வைப்பது மிகச் சிக்கனமான முதலீடு. சாலைப் பணியின் ஒப்பந்தப்புள்ளியில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டியவர் வேறு துறை, அதன் பயனை அடைபவர் வேறு துறை என்பதால் பெரும்பாலும் அது நடப்பதில்லை. தார் போட்ட சாலையை அடுத்த மாதமே தோண்டுகிறார்கள் என்று நாம் எல்லோரும் அலுத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

நிலத்தைத் தேர்ந்தெடுப்பதில் நகரத் திட்டத் துறையிடம் மட்டுமே இருக்கும் இன்னொரு செல்வம் வெள்ள வரைபடம். 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலின்போது நியூயார்க்கின் கிழக்கு 13ஆம் தெருவில் இருந்த துணை மின் நிலையத்துக்குள் எதிர்பார்த்த அளவுக்கு மேல் கடல்நீர் புகுந்து, மன்ஹாட்டனின் தென்பகுதி பல நாள்கள் இருளில் கிடந்தது. 2015 டிசம்பரில் இங்கிலாந்தின் லான்காஸ்டரில் ஒரே நிலையம் வெள்ளத்தில் மூழ்கியதால் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரத்தை இழந்தன. மின்நிறுவனங்களுக்கு மலிவாகக் கிடைக்கும் நிலம் பல நேரங்களில் ஆற்றங்கரையிலும் பள்ளத்திலும் இருக்கும் நிலம். அது ஏன் மலிவு என்பதை நகர வரைபடம் முன்பே சொல்லிவைத்திருக்கும்.

சரி, விண்ணப்பம் வருமுன் முதலீடு செய்வது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். ஒழுங்குமுறை ஆணையங்களின் அச்சம் வெறும் கற்பனை அல்ல. வராத வளர்ச்சிக்காகக் கட்டிய துணை மின் நிலையத்தின் செலவு, தேய்மானமாகவும் வட்டியாகவும் 40 ஆண்டுகளுக்கு எல்லா நுகர்வோரின் கட்டணப் பட்டியலிலும் ஏறிக்கொண்டே இருக்கும். அதே சமயம், கேட்கும்போது மட்டும் கட்டுவது என்ற முறையில் ஒரு பெரிய அநீதி ஒளிந்திருக்கிறது. ஒரு நிலையத்தில் மிஞ்சியிருக்கும் கொள்திறனை முதலில் வருபவர்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறார்கள். அது தீர்ந்த பிறகு வரும் ஒருவர் தலையில், புதிய மின்மாற்றிக்கான முழுச் செலவும் விழுகிறது. அவர் பின்வாங்கினால் அடுத்தவருக்கும் அதே மதிப்பீடு அனுப்பப்படும். எல்லோரும், "யாராவது முதலில் கட்டட்டும்" என்று காத்திருப்பார்கள். பந்தியில் கடைசி ஆளிடம் மொத்தச் சமையல் செலவையும் கேட்பது போன்றது இது. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், 2023 ஏப்ரல் முதல் மின்நுகர்வுக்கான புதிய இணைப்புகளில் பொதுவான வலுவூட்டலின், அதாவது பலருக்கும் பயன்படும் வடங்களையும் மின்மாற்றிகளையும் பெரிதாக்குவதன், செலவைப் பெரும்பாலும் விண்ணப்பதாரரிடம் வாங்காமல் அனைத்து நுகர்வோர் கட்டணத்திலும் பகிரும் முறைக்கு மாறியது. இது சரியான திசை என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் மறுவிளைவையும் பார்க்க வேண்டும்: இடத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு விலையின் எச்சரிக்கை இல்லாமல் போகிறது. அந்த எச்சரிக்கையை இனி நகரத் திட்டம்தான் தர வேண்டும்.

என் யோசனை, முதலீடு என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் மூன்று வேறுபட்ட முடிவுகளைப் பிரித்து வைப்பது. மனையை ஒதுக்குவதும் காலிக் குழாய்களைப் புதைப்பதும் மலிவானவை, திரும்பப் பெறக்கூடியவை. வளர்ச்சி வராவிட்டால் மனையை விற்றுவிடலாம். கட்டடமும் அடித்தளமும் நடுத்தரம். மின்மாற்றியும் உயரழுத்த வடமும் விலை உயர்ந்தவை. முதலாவதை நகரத் திட்டத்தில் வண்ணம் தீட்டும் நாளிலேயே செய்துவிட வேண்டும். இரண்டாவதைத் திட்ட அனுமதிகள் குவியத் தொடங்கும்போதும், மூன்றாவதை அடித்தளங்கள் உண்மையிலேயே எழும்போதும் செய்யலாம். மின்மாற்றிக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய இந்தக் காலத்தில் மட்டும் அதன் ஆணையைச் சற்று முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். மின்மாற்றிகள் ஓரளவு ஒரே தரத்தில் வாங்கப்பட்டால், ஒரு வட்டாரத்துக்கென்று வந்தது மற்றொரு வட்டாரத்துக்குப் பயன்படும். ஒழுங்குமுறை ஆணையங்கள் இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்து, "தேவை நிரூபிக்கப்படவில்லை" என்று மனைக்கான தொகையையும் சேர்த்து அடித்துவிடுவதுதான் நடைமுறையில் நான் காணும் குறை.

பழைய வடங்கள் மேல் காலம் கடந்தும் நம்பிக்கை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 1998இல் கற்றுக்கொண்டது. நகரின் மைய வணிகப் பகுதிக்கு வந்த நான்கு 110 கிலோவோல்ட் வடங்களும் சில வார இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பழுதாகி, ஏறத்தாழ ஐந்து வாரங்கள் அந்தப் பகுதி முடங்கியது. அதன் பிறகு நகருக்கு அடியில் சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு வடச் சுரங்கம் அமைக்கப்பட்டது.

நகரத் திட்டத்துக்கு மின்சாரத்தின் மேல் அதிகாரம் இல்லாத இடத்தில் அது எப்படித் தடுமாறும் என்பதற்கு டப்ளின் உதாரணம். அயர்லாந்தில் அளவிடப்பட்ட மொத்த மின்நுகர்வில் தரவு மையங்களின் பங்கு 2015இல் 5 சதவீதம். 2023இல் 21 சதவீதம். 2022 ஜூனில் தெற்கு டப்ளின் கவுன்சில் தன் வளர்ச்சித் திட்டத்தில் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியது. நாட்டின் அரசோ, தேசியக் கொள்கைக்கு இது முரணானது என்று அந்தத் தடையை நீக்க உத்தரவிட்டது. இன்னொரு பக்கம், டப்ளின் பகுதியில் 2028 வரை புதிய தரவு மையங்களுக்கு மின்இணைப்பு கிடைப்பது கடினம் என்ற நிலையை மின்கடத்தல் அமைப்பு ஏற்படுத்தியிருந்தது. நிலத் திட்டம் அனுமதிக்கிறது, மின்கட்டமைப்பு மறுக்கிறது. அல்லது உள்ளூர் மறுக்கிறது, நாடு அனுமதிக்கிறது. மறுப்பது சரியா தவறா என்பதைவிட, மறுப்பை எந்த மேசையில் சொல்ல வேண்டும் என்பதே அங்கு முடிவாகாமல் இருந்தது. ஆம்ஸ்டர்டாமும் அதை அடுத்த ஹார்லெம்மர்மீரும் 2019 ஜூலையில் புதிய தரவு மையங்களுக்கு ஓராண்டு நிறுத்தம் அறிவித்து, நிலம், மின்சாரம் இரண்டுக்கும் சேர்த்து விதி எழுத அவகாசம் எடுத்துக்கொண்டது, முரட்டுத்தனமாகத் தோன்றினாலும், இதைவிடத் தெளிவான செயல்.

ஒருங்கிணைப்பு என்றால் எப்போதும் கூடுதலாகக் கட்டுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. நியூயார்க்கின் புரூக்ளின், குயின்ஸ் பகுதிகளில் மின்பளு கூடியபோது, 120 கோடி டாலர் மதிப்பில் ஒரு பெரிய துணை மின் நிலையத்தைக் கட்டுவது வழக்கமான வழியாக இருந்திருக்கும். 2014 டிசம்பரில் மாநில ஒழுங்குமுறை ஆணையம் அதற்குப் பதிலாக 20 கோடி டாலர் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. மொத்தம் 52 மெகாவாட் இலக்கு. அதில் 41 மெகாவாட் நுகர்வோர் பக்கத்தில், அதாவது சிக்கனமான விளக்குகள், மேம்பட்ட குளிரூட்டல், மின்கலம் போன்றவற்றால். மீதி 11 மெகாவாட் மின்நிறுவனத்தின் பக்கத்தில். துணை மின் நிலையம் தள்ளிப்போயிற்று. இதில் நுகர்வோர் பக்கத்தில் செய்த வேலைகளில் பெரும்பகுதி, கட்டட விதிகள் மூலம் நகரங்கள் தாமே செய்யக்கூடியவை. சுவரின் வெப்பத்தடுப்பு, சன்னலின் திசை, கூரையில் சூரியத் தகடுக்கான இடம் ஆகியவை கட்டடக் கலை விஷயங்களாகவே பேசப்படுகின்றன. ஒரு மின்பொறியாளர் கண்ணுக்கு அவை ஃபீடரின் அளவை நிர்ணயிப்பவை.

குளிர்நாடுகளில் இந்தப் பிணைப்பு சட்டமாகவே ஆகிவிட்டது. டென்மார்க் 1979இல் இயற்றிய வெப்ப வழங்கல் சட்டத்தின் வழியாக, எந்த வட்டாரத்துக்குப் பொதுக் குழாய் வழியே வெந்நீர் போகும், எதற்குப் போகாது என்று நகராட்சிகள் வரைபடத்தில் பிரித்தன. ஜெர்மனியில் 1,00,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரங்கள் 2026 ஜூன் 30க்குள்ளும், மற்றவை 2028 ஜூன் 30க்குள்ளும் வெப்பத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று 2024 முதல் நடப்பில் உள்ள சட்டம் விதித்தது. பொதுக் குழாய் போகாத தெருவில் ஒவ்வொரு வீடும், வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் மின்சார ஹீட் பம்ப்பை நாடும். ஆகவே வெப்பத் திட்டத்தின் மறுபக்கம் தான் மின்கட்டமைப்புத் திட்டம். வெப்ப நாடுகளில் இதே கேள்வி குளிரூட்டலைப் பற்றி எழ வேண்டும். சிங்கப்பூரின் மரீனா பே பகுதியில் பல கட்டடங்களுக்கும் சேர்த்து நிலத்தடியில் பொதுக் குளிரூட்டும் நிலையம் இயங்குகிறது. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகக் குளிரூட்டிக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அந்தப் பகுதியின் உச்ச மின்தேவையில் நேரடியாகத் தெரியும்.

அமைப்பு ரீதியாக, பிரிட்டன் 2024 அக்டோபர் 1 அன்று நீசோ என்ற பொதுத்துறை அமைப்பைத் தொடங்கி, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்தின் ஒன்பது பகுதிகள் என மொத்தம் 11 பிராந்தியங்களுக்கு எரிசக்தித் திட்டம் வகுக்கும் பொறுப்பை அதனிடம் கொடுத்திருக்கிறது. உள்ளாட்சிகளும் பகிர்மான நிறுவனங்களும் அதே திட்டத்தின் அடிப்படையில் தம் முதலீடுகளை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது எண்ணம். பலன் என்ன என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது. புதிய அமைப்புகள் மேல் எனக்குப் பொதுவாகப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஒருங்கிணைப்புக் குழு என்ற பெயரில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடித் தேநீர் அருந்திக் கலையும் குழுக்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. எனக்கு நம்பிக்கை தருவது அதைவிடச் சிறிய ஒன்று: ஒவ்வொரு திட்ட அனுமதியின் தளப்பரப்பும், பயன்பாட்டு வகையும், எதிர்பார்க்கப்படும் நிறைவு ஆண்டும், மனையின் அமைவிடமும் மாதந்தோறும் பகிர்மான நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும், பதிலுக்கு ஒவ்வொரு துணை மின் நிலையத்தின் நம்பகமான கொள்திறனும், ஒதுக்கப்பட்டதும், உண்மையில் பயன்படுவதும் தனித்தனி எண்களாகத் திட்டத் துறைக்கு வர வேண்டும். வணிக ரகசியம் என்று சொல்லி இரண்டாவது பட்டியலை மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு விண்ணப்பதாரரின் பெயரை மறைக்கலாம். ஒரு நிலையம் நிரம்பிவிட்டது என்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

கடைசியாக ஒரு கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது. ஒதுக்கி வைத்த மனை பத்து ஆண்டுகள் சும்மா கிடந்தால், அதன் வாடகை இழப்பு யாருடையது? மின்நிறுவனம் வாங்கி வைத்தால் ஆணையம் கேள்வி கேட்கும். தனியார் நிலத்தின் மேல் வெறும் அடையாளம் மட்டும் போட்டுவிட்டு இழப்பீடும் தராமல் காக்கவைத்தால் நில உரிமையாளர் நீதிமன்றம் போவார், போக வேண்டியதும்தான். நகராட்சியே மனையை வாங்கி, இடைக்காலத்தில் வாகன நிறுத்தமாகவோ விளையாட்டுத் திடலாகவோ குறுகிய காலக் குத்தகைக்கு விட்டு, துணை மின் நிலையம் தேவைப்படும் நாளில் வாங்கிய விலையோடு வட்டியையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டு மனையை மின்நிறுவனத்துக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. திடலில் விளையாடப் பழகிய மக்கள் அன்றைக்கு எதிர்ப்பார்கள் என்பதால், இது எதற்கான மனை என்ற பலகையை முதல் நாளிலேயே அங்கே நட்டுவிட வேண்டும்.